அவர் கேட்காமல் இருந்த நாட்கள்

பிப்ரவரி 3

அக்காவுக்கு,

போனில் பேசினால் நீங்கள் குறுக்கே பேசுவீர்கள், நான் அழுவேன், பாதியில் வைத்துவிடுவோம். அதனால் எழுதுகிறேன். இன்னொரு காரணமும் உண்டு. இப்போதெல்லாம் வீட்டில் போன் அடித்தாலே உங்கள் தம்பிக்கு உடம்பு வெலவெலத்துப் போகிறது. போலீஸ்தான் கூப்பிடுகிறது என்று முடிவே செய்துவிடுகிறார். வேலை முடிந்து வந்ததும் இரண்டு போனையும் அணைத்து அலமாரியில் வைத்துவிடுகிறோம். நீங்கள் பதில் எழுதுவதானால் நாங்கள் இருவரும் வேலை பார்க்கிற லாண்டரி விலாசத்துக்கே எழுதுங்கள். வீட்டுக்குத் தபால் வந்தால் அது கோர்ட் நோட்டீஸ் ஆகிவிடும்.

போன மாதம் நீங்கள் வந்துவிட்டுப் போனதிலிருந்து எனக்கு மனசு ஆறவில்லை. புருஷனின் அக்காவைப் பார்த்து "வெளியே போங்க" என்று நான் சொன்னது தப்புதான். ஆனால் நீங்கள் செய்தது மட்டும் சரியா? மனுஷன் வேனை நிறுத்திவிட்டு வேர்த்து விறுவிறுத்து உள்ளே வருகிறார். "வழியில யாரையாவது இடிச்சிருப்பேனா?" என்று கேட்கிறார். நான் வாயைத் திறப்பதற்குள், "பதில் சொல்லாத, பேசாம இரு" என்று என் சமையலறையில் நின்று என்னையே அதட்டுகிறீர்கள். அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு நடுங்குகிறார், கட்டினவள் வேடிக்கை பார்க்க வேண்டும். நீங்கள் மனநோய் வார்டு நர்ஸ், உங்களுக்குப் பழகியிருக்கும். எனக்குப் பழகவில்லை.

உங்களுக்கு ஷிஃப்ட் முடிந்தால் வீடு. எனக்கு வீட்டுக்கு வந்தபிறகுதான் ஷிஃப்டே தொடங்குகிறது. ஓட்டல்களிலிருந்து அழுக்கு விரிப்புகளை ஏற்றிக்கொண்டு லாண்டரிக்கு வருகிற வழியை, இறக்கி முடித்ததும் மறுபடி ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் வருகிறார். சக்கரம் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறினால் போதும், யார் மேலோ ஏறிவிட்டது என்று தோன்றிவிடுகிறது. சில நாள் நானே ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போய்ப் பார்த்துவிட்டு வந்து, "ரோடு சுத்தமா இருக்கு, வந்து சாப்பிடுங்க" என்கிறேன். அதற்குப் பிறகுதான் தட்டில் கை வைக்கிறார். முன்பு மனம் ஒரேயடியாக ஏறுவதும் இறங்குவதுமான அந்த பைபோலார் மட்டும்தான், மாத்திரையில் அடங்கிக் கிடந்தது. இப்போது இதுவும் சேர்ந்துகொண்டது. பட்ட காலிலே படும் என்று சும்மாவா சொன்னார்கள்.

என் அண்ணன் கிளம்பி வந்துவிடு என்கிறார். நான் மாட்டேன் என்றும் சொல்லவில்லை, வருகிறேன் என்றும் சொல்லவில்லை. உங்களிடம் மறைக்கக் கூடாது என்று எழுதுகிறேன்.

உங்கள் தம்பி மனைவி

பிப்ரவரி 10

என் தம்பி பெண்டாட்டிக்கு,

அவன் ஒழுங்காக இருந்தால் உனக்கு "வீட்டுக்காரர்", நோய் வந்தால் "உங்கள் தம்பி". நடக்கட்டும். எனக்கும் அவன் சமர்த்தாக இருக்கும்போது "என் தம்பி"தான், மற்ற நேரத்தில் "உன் புருஷன்".

உன் சமையலறையில் நின்று உன்னை அதட்டியது தப்பு. வார்டில் பேசுகிற தொனி என் செருப்போடு சேர்ந்து வீடுவரை வந்துவிடுகிறது. அதோடு, ஒரேயடியாகப் பதிலை நிறுத்தச் சொன்னதும் என் அவசரபுத்தி. முன்பின் தெரியாத நோயாளிக்குக்கூட நாங்கள் அப்படிச் செய்ய மாட்டோம். சொந்தத் தம்பி என்றதும் படித்ததெல்லாம் காற்றில் பறந்துவிட்டது.

ஆனால் நான் சொன்ன விஷயம் சரிதான். நீ "யாரையும் இடிக்கல" என்றதும் அவனுக்கு நிம்மதி வருகிறது, நான் இல்லை என்று சொல்லவில்லை. தெருநாய்க்கு பிஸ்கட் போட்டு விரட்டுகிற கதை அது. மறுநாள் அதே நேரத்துக்கு வந்து வாலாட்டும், கூட நாலைக் கூட்டிக்கொண்டு வரும்.

அதனால் இப்படிச் செய். அவன் மனசு தெளிவாக இருக்கிற நேரமாகப் பார்த்து உட்கார்ந்து பேசு. அவனுக்குத் தெரியாமல் எதையும் ஆரம்பிக்காதே, இது இரண்டு பேரும் சேர்ந்து போடுகிற ஒப்பந்தம். கேள்வி வந்தால், "இதுக்கு நான் பதில் சொன்னா உங்களுக்கு நோய் கூடும். நான் இங்கதான் இருக்கேன்" என்று மட்டும் சொல். பிறகு பக்கத்தில் உட்கார். பயம் ஏறும், உச்சிக்குப் போகும், உன் பதில் இல்லாமலே இறங்கும். இறங்குகிறது என்பதை அவன் ஒருமுறை பார்த்துவிட்டால் பாதிக் கிணறு தாண்டிவிட்டோம். மீதியைத் தாண்ட நாளாகும். மறுசுற்று ஓட்டுவதையும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கச் சொல்.

இங்கே என் வார்டில் ஒரு தையல்காரர் இருக்கிறார். அவருக்கும் உன் புருஷனைப் போல இரண்டும் சேர்ந்த நோய். கை கழுவிக் கழுவி ஒரு சோப்பை ஒரே நாளில் கரைத்துவிடுவார். குழாய்ப் பக்கத்தில் அவரோடு நின்று ஊர்வம்பு பேசுவதுதான் இப்போது என் சிகிச்சை. நேற்று சோப்பு பாதி மிஞ்சியது, வார்டே கைதட்டியது.

உன் அண்ணன் கூப்பிடுகிறார் என்று எழுதியிருந்ததைப் படித்தேன். போகாதே என்று எழுதத்தான் கை பரபரக்கிறது. எழுதவில்லை.

அக்கா

பிப்ரவரி 24

அக்காவுக்கு,

ஞாயிற்றுக்கிழமை காலையில் பேசினேன். "அக்கா சொல்றான்னா செஞ்சுதான் பாப்போமே" என்றார். உங்கள் பேச்சுக்கு இருக்கிற மரியாதை இந்த வீட்டில் எனக்கு இல்லை.

அன்று சாயங்காலமே கேள்வி வந்தது. நீங்கள் எழுதியதை ஒப்பித்தேன். "ஒரு வார்த்த சொன்னா உனக்கு என்ன கொறஞ்சு போயிடும்?" என்று கத்தினார். பல்லைக் கடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தேன். கையைப் பிடித்தால் பிழியாத துணி மாதிரி சொதசொதவென்று இருந்தது. லாண்டரியில் புது இஸ்திரி மெஷின் வந்திருப்பதையும், அதன் உருளையில் எங்கள் மேஸ்திரியின் மேல்துண்டு சிக்கி மொறுமொறுவென்று வெளியே வந்ததையும் சொல்லிக்கொண்டே இருந்தேன். சாதம் வடிக்கிற நேரத்துக்குள் மூச்சு சீராகிவிட்டது. அவரே ஆச்சரியப்பட்டு, "அட, போயிடுச்சு" என்றார்.

புதன்கிழமை நான் தோற்றுப்போனேன். காலில் விழாத குறையாகக் கெஞ்சினார், சொல்லிவிட்டேன். உங்களிடம் மறைக்கலாமென்று பார்த்தேன், மறைத்தால் எனக்குத் தூக்கம் வராது. மற்ற நாட்களில் தாக்குப்பிடித்தேன். மறுசுற்றில் பாலம்வரை மட்டும் போய்த் திரும்புகிறார். பைபோலாருக்கான லித்தியம் மாத்திரை போட்டால் ஸ்டீரிங் பிடிக்கிற கை நடுங்குகிறது என்று மட்டும் சலித்துக்கொண்டே இருக்கிறார்.

உங்கள் தம்பி மனைவி

மார்ச் 9

என் அன்பு அக்காவுக்கு,

கேள்வி நின்றுவிட்டது! நம்ப மாட்டீர்கள். போன வாரம் ஒருநாள் வந்தார், சாவியை ஆணியில் மாட்டினார், "பசிக்குது" என்றார். நான் வழக்கமான வசனத்தை நாக்கு நுனியில் வைத்துக்கொண்டு காத்திருக்கிறேன், கேள்வியே வரவில்லை. மறுநாளும் வரவில்லை. மறுசுற்றும் ஓட்டவில்லை. உங்கள் வாய்க்கு சர்க்கரைதான் போட வேண்டும்.

இத்தனை வருஷத்தில் அவரை நான் இப்படிப் பார்த்ததில்லை. பாட்டு என்ன, கிண்டல் என்ன. காலையில் நான் கண் விழித்தால் வேன் கழுவித் துடைத்துப் பளபளவென்று நிற்கிறது. நேற்று எழுந்து வந்தால் முன்னறைச் சுவரில் பாதிக்கு நீலம் அடித்து முடித்திருக்கிறார். "மீதி பாதிக்கு என்ன கலர் வேணும், மகாராணி?" என்கிறார். என்னை மகாராணி என்று கூப்பிட இந்த உலகத்தில் ஓர் ஆள் இருக்கிறார் என்பதே எனக்கு மறந்திருந்தது. வேலை முடிந்ததும் என்னை வேனில் ஏற்றிக்கொண்டு ஏரிக்கரைக்குப் போகிறார். காலைத் தண்ணீரில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம்.

அண்ணனிடம் இனி அந்தப் பேச்சே வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். உங்களைத் திட்டினதற்கெல்லாம் என்னை மன்னித்துவிடுங்கள்.

உங்கள் தங்கை என்றே வைத்துக்கொள்ளுங்கள்

மார்ச் 14

அன்புத் தங்கைக்கு,

உன் கடிதத்தைச் சாப்பாட்டு இடைவேளையில் எல்லோருக்கும் சத்தமாகப் படித்துக் காட்டினேன். தலைமை நர்ஸ் லீவில் இருந்த நேரம், ஆகவே வார்டில் என் ராஜ்யம்தான். "நாலு வாரத்துல நிறுத்திட்டா பாருங்க எங்க வீட்டுப் பொண்ணு" என்று பீற்றிக்கொண்டேன். வழி சொன்னவள் யார் என்பதையும் சொல்லாமல் விடவில்லை. எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்றால்

மாலை.

மேலே எழுதியதைப் பாதியில் விட்டுவிட்டுப் போனேன், அடிக்காமல் அப்படியே விடுகிறேன். தையல்காரர் காலையிலிருந்து கையே கழுவவில்லை. சபாஷ் என்று தோளைத் தட்டினேன். அவர் ஜன்னல் திரையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, வார்டில் எல்லோருக்கும் சட்டை தைக்கப் போவதாக அளவெடுத்துக்கொண்டிருந்தார். வேலைக்குத் திரும்பி வந்த தலைமை நர்ஸ் அவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "கழுவறத நிறுத்தினது இருக்கட்டும். தூங்கினாரா?" என்று மட்டும் கேட்டார். தூங்கவில்லை.

உன் கடிதத்தை மறுபடி எடுத்துப் படித்தேன். பயத்தைப் பழக்கி நிறுத்தினால் கேள்வி கொஞ்சம் கொஞ்சமாகத்தான் தேயும், நடுவில் திரும்பத் திரும்ப வரும். இப்படி ஒரே நாளில் ஓயாது. இந்த இரண்டு நோயும் சேர்ந்தவர்களுக்கு மனம் மேலே ஏறுகிறபோது பயம் தானாக விட்டுப்போகும். நீ எழுந்திருக்கும்போதெல்லாம் அவன் எழுந்தே இருக்கிறான். நீ எனக்கு எல்லாவற்றையும் எழுதியிருக்கிறாய். இருபது வருஷமாக இதே வேலை பார்க்கிறவள் என் பெருமையைத்தான் படித்தேன், உன் கடிதத்தைப் படிக்கவில்லை.

லாண்டரிக்குப் போன் செய்தேன், நீங்கள் இருவரும் வேனில் வெளியே போயிருப்பதாகச் சொன்னார்கள். காலை முதல் பஸ்ஸில் கிளம்புகிறேன். இதை என் கையாலேயே உன்னிடம் கொடுப்பேன்.

அக்கா

மார்ச் 31

அக்காவுக்கு,

நீங்கள் அன்றைக்கு என் கையில் திணித்த கடிதத்தை இன்றைக்குத்தான் பிரித்தேன்.

நீங்கள் ஆம்புலன்ஸோடு ஏரிக்கரைக்கு வந்து இறங்கியபோது அங்கே நடந்துகொண்டிருந்ததைப் பார்த்தீர்கள். மூன்று ஓட்டல்களின் வெள்ளை விரிப்புகளையும் புல்லில் விரித்துப்போட்டு, போகிறவர் வருகிறவரையெல்லாம், "வாங்க, உக்காருங்க, நம்ம வீடுன்னு நெனச்சுக்குங்க" என்று உபசரித்துக்கொண்டிருந்தார். ஒரு விரிப்பில் நானும் உட்கார்ந்திருந்தேன். சிரித்துக்கொண்டுதான் இருந்தேன். நீங்கள் "வாடா, என்கூட வா" என்றதும் சுற்றுலா போகிற மாதிரி ஏறிவிட்டார். எனக்குக் கையாட்டக்கூட இல்லை. அன்று சாயங்காலம் மேஸ்திரியும் நானுமாக அத்தனை விரிப்பையும் பொறுக்கி மறுபடி துவைத்தோம்.

அந்தப் பத்துப் பன்னிரண்டு நாட்கள்தான் என் கல்யாண வாழ்க்கையிலேயே நான் நன்றாக இருந்த நாட்கள். அதற்குப் பெயர் நோய் என்கிறீர்கள். அப்படியானால் நான் பட்ட சந்தோஷத்துக்கு என்ன பெயர்? சுவரைப் பிடித்துக்கொண்டு நடுங்குகிறவர்தான் நிஜம், மகாராணி என்று கூப்பிட்டவர் பொய் என்றால், எனக்கு என்ன மிச்சம்? மாத்திரை கொடுத்து அந்த மனுஷனைக் கரைத்துவிட்டு இந்த மனுஷனைத் திருப்பி அனுப்புவீர்கள், நான் ஆரத்தி எடுக்க வேண்டும்.

இன்னொன்றும் இருக்கிறது, யாரிடமும் சொல்லவில்லை. கடைசி நாள் பாலத்தின் மேல் ஸ்டீரிங்கிலிருந்து இரண்டு கையையும் எடுத்துவிட்டுப் பாடினார். வேன் ஓரமாகப் போய், சைக்கிளில் வந்த ஒரு பெரியவர் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து விழுந்தார். நான் கத்தி வண்டியை நிறுத்தவைத்து இறங்கி ஓடினேன். முழங்கையில் சிராய்ப்புதான், தட்டிவிட்டுக்கொண்டு திட்டியபடி போய்விட்டார். உங்கள் தம்பி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பள்ளத்துக்காக வண்டியைத் திருப்புகிற மனுஷன். எனக்கு அந்த நிமிஷமே தெரிந்தது அக்கா. தெரிந்தும் மறுபடி வேனில் ஏறி உட்கார்ந்தேன், அந்த நாள் முடியக் கூடாது என்று.

அண்ணன் மறுபடி கூப்பிட்டார். யோசிக்கிறேன் என்றேன்.

உங்கள் தம்பி மனைவி

ஏப்ரல் 8

தங்கைக்கு,

மறுபடி "தம்பி மனைவி" ஆகிவிட்டாய். பரவாயில்லை, நான் தங்கை என்றே எழுதுகிறேன்.

முதலில் அவன் எப்படி இருக்கிறான் என்று சொல்கிறேன். சொந்தக்காரரை நாங்களே பார்க்கக் கூடாது என்பது இங்கே விதி, அதனால் அவன் பக்கத்து வார்டில் இருக்கிறான். அங்கே ஓர் ஆண் நர்ஸ், மீசை என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம், அவர் பார்த்துக்கொள்கிறார். அவனுக்கு மூலையில் ஓர் அறை, வெளிச்சம் கம்மி, சத்தம் கிடையாது. உட்கார்ந்து சாப்பிடப் பொறுமை இல்லாததால், நடந்துகொண்டே சாப்பிடுகிற மாதிரி கையில் ரொட்டியைக் கொடுத்து, மீசையும் கூடவே வராந்தாவில் நடந்தார். நடக்கிற நடையில் மீசைக்குத் தொப்பை குறைந்துவிட்டது. ஏரியை விலைக்கு வாங்கப் போகிறேன் என்றால், முடியாது என்று வாதாடுவதில்லை, ஆமாம் போடுவதுமில்லை. "சரி, இப்ப தண்ணி குடிங்க" என்பதோடு விட்டுவிடுவார். லித்தியம் போடுகிறவர்கள் உடம்பில் தண்ணீர் குறையக் கூடாது. கை நடுங்குகிறது என்று அவனாகவே மாத்திரையை நிறுத்தியிருக்கிறான், ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிட்டது. நடுக்கம் என்று நீ எழுதினாய், அதையும் நான் படித்துவிட்டுத் தாண்டிப் போயிருக்கிறேன். இப்போது அளவைச் சரிசெய்து மறுபடி கொடுக்கிறோம். ராத்திரி தூங்குகிறான்.

நேற்று மீசை என்னைத் தேடி வந்தார். "உங்க தம்பி கேட்டுட்டாரு" என்றார். "வழியில யாரையாவது இடிச்சேனா?" என்று. நான் துணி அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். அந்தப் பாழாய்ப்போன கேள்வியைக் கேட்டு நான் சந்தோஷப்படுவேன் என்று யார் நினைத்தது? மனம் கீழே இறங்குகிறது என்று அர்த்தம். இனி அந்தப் பயத்துக்கான வேலையைத் திரும்ப முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

இந்தத் தடவை கேள்விக்கு உண்மையான பதில் ஒன்று இருக்கிறதே என்று யோசித்தேன், தலைமை நர்ஸிடமும் டாக்டரிடமும் கேட்டேன். மறைக்கக் கூடாது. நீதான் பக்கத்தில் இருந்தவள், அவன் தெளிந்தபிறகு நீ சொல். ஒரே ஒரு முறை, நடந்ததை நடந்தபடி, கூட்டாமல் குறைக்காமல். ஒருமுறை சொன்னால் அது தகவல். மறுபடி மறுபடி சொன்னால் பழைய பிஸ்கட்.

உன் சந்தோஷத்துக்கு என்ன பெயர் என்று கேட்டாய். மூன்று நாளாக யோசிக்கிறேன். அந்தக் கிண்டல், அந்தப் பாட்டு எல்லாம் அவனுடையதுதான். சின்ன வயதில் எங்கள் வீட்டில் அவன் அப்படித்தான் இருப்பான். நோய் அளவைத்தான் கூட்டியது. ஆனால் அது எவ்வளவு திரும்ப வரும், எப்போது வரும் என்று எனக்குத் தெரியாது, தெரிந்த மாதிரி எழுதினால் பொய். நீ போவதா இருப்பதா என்பதில் எனக்கு வாயில்லை. நான் அவன் அக்கா, நான் எதைச் சொன்னாலும் அவன் பக்கம்தான் சொல்வேன். நீ போனாலும் உன்மேல் எனக்கு வருத்தம் வராது என்று எழுதப் பார்த்தேன். வரும். அது என் பாடு, நீ அதைப் பார்க்காதே.

அக்கா

மே 25

அக்காவுக்கு,

அவர் வீட்டுக்கு வந்து மூன்று வாரம் ஆகிறது. உங்களுக்குப் போனில் "நல்லா இருக்கார்" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தேன். முழுசாக இன்றைக்குத்தான் எழுத முடிகிறது.

டாக்டர் சொல்லும்வரை வேன் ஓட்டக் கூடாது என்பதால் லாண்டரியில் என்னோடு விரிப்பு மடிக்கிறார். ஒரு முனையில் அவர், ஒரு முனையில் நான். பேச்சு குறைவு, நடை மந்தம். முகத்தில் ஒன்றும் தெரியாது. நான் காலையில் "தூங்கினீங்களா?" என்பேன், மத்தியானம் "ராத்திரி நல்லாத் தூங்கினீங்கதானே?" என்பேன், படுக்கும்போது இன்னொரு தடவை. ஒருநாள் விரிப்பைப் பிடித்தபடியே, "இதுக்கு நான் பதில் சொன்னா உனக்கு நோய் கூடும்" என்றார். மேஸ்திரி சிரித்த சிரிப்பில் நானும் சிரித்துவிட்டேன். அடுத்த நிமிஷமே, இந்தக் கிண்டல் எந்தக் கணக்கு என்று பயம் வந்து அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். இப்படியும் ஒரு பிழைப்பு.

பாலத்தில் நடந்ததைச் சொல்லிவிட்டேன். நீங்கள் சொன்ன மாதிரியே, ஒருமுறை, கூட்டாமல் குறைக்காமல். இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். "அந்தப் பெரியவருக்கு வேற ஒண்ணும் ஆகலையே?" என்று கேட்டார். "சொன்னது அவ்வளவுதான்" என்றேன், உட்கார்ந்திருந்தேன். பயம் ஏறி இறங்கியது. அதுவரை சரி. பிறகு கையை எடுத்துவிட்டு என்னைப் பார்த்தார். "இதெல்லாம் உனக்கு எப்படித் தெரியும்? நீயும் வேன்ல இருந்தியா?" என்றார்.

நான் என்னுடைய நல்ல நாட்கள் என்று உங்களுக்கு எழுதினேனே, அந்த நாட்களில் நான் பக்கத்தில் இருந்ததே அவருக்குத் தெரியவில்லை. யார் உட்கார்ந்திருந்தாலும் மகாராணிதான் போலிருக்கிறது. உள்ளே போய் அண்ணனுக்குப் போன் செய்து சனிக்கிழமை வரச் சொல்லிவிட்டேன். அவரிடமும் சொன்னேன். "சரி" என்றார். எனக்கு அந்த "சரி"யைக் கேட்டு இன்னும் ஆத்திரம்.

சனிக்கிழமை அண்ணன் வந்து வாசலில் காரை நிறுத்தினார். உள்ளே வர மாட்டேன் என்று ஹார்ன் அடித்தார். நான் பையை இழுத்துக்கொண்டு வந்தேன். அவர் எழுந்து வந்து பையை வாங்கினார். வாங்கின கை அப்படியே நின்றுவிட்டது.

"கையில என்ன?"

"இஸ்திரி உருளை பட்டுடுச்சு. செவ்வாய்க்கிழமை."

உள்ளே போனார். மருந்தை எடுத்துக்கொண்டு வந்து, கீழே உட்கார்ந்து, என் கையை மடியில் வைத்துக்கொண்டு தடவினார். அவர் கை நடுங்கிக்கொண்டுதான் இருந்தது, மருந்து என் புடவையெல்லாம் ஆனது. லாண்டரியில் நாள் முழுக்க அந்தக் கையோடு எத்தனையோ பேர் முன்னால் நின்றிருக்கிறேன். ஒருத்தர் கண்ணிலும் படவில்லை. எனக்கே மறந்திருந்தது.

போகாதே என்று அவர் சொல்லவில்லை. வலிக்கிறதா என்றுகூடக் கேட்கவில்லை. ஒரு தடவை கேட்டார், நான் சொன்ன பதிலை எடுத்துக்கொண்டார், அவ்வளவுதான்.

அண்ணன் ஹார்ன் அடித்துக்கொண்டே இருந்தார். நான் பையை உள்ளே வைத்துவிட்டு வாசலுக்குப் போய், வண்டியை அணைத்துவிட்டுச் சாப்பிட வரச் சொன்னேன்.

உங்கள் தங்கை